எடுத்த நேரம்

காசல்பார் மருத்துவமனையின் அடித்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை எனக்கு.
வெளியே மழையா என்பதைக்
குழாய்ப் பெட்டி கொண்டுவரும் ஓட்டுநரின்
தோள்பட்டையில் பார்த்துக்கொள்வேன்.
பெரும்பாலும் மழைதான்.

வருபவர்களில் பலருக்கு இரும்பு போதாது.
உதிரம் மிகப் போகும் பெண்கள், பிள்ளை பெற்றவர்கள்,
ஃபெரிட்டின் ஒன்பது, ஆறு.
அந்த அறிக்கைகளை என் விரல்களே எழுதும்.

ஃபீக்ரா மல்க்ரோனுக்கு
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
நீர்த்து மறுபடி ஓட்டினேன்.
அதே எண்.

ஃபெரிட்டின் பொய்யும் சொல்லும்.
காய்ச்சலில் ஏறும், குடியில் ஏறும்,
கல்லீரல் முனகினாலும் ஏறும்.
ஆகவே இன்னொரு சாட்சி கேட்டேன்:
காலையில், வெறும் வயிற்றில், ஒரு குழாய்.
வந்தது.
நூறு இருக்கையில் தொண்ணூற்றிரண்டு நிரம்பிய
பேருந்தாக ஓடிக்கொண்டிருந்தது டிரான்ஸ்ஃபெரின்.
ஏற இடம் கிடைக்காத இரும்பு
கல்லீரலில் தங்கும், இதயத்தில் தங்கும்.
படிவத்தின் ஓரத்தில் மருத்துவரின் கிறுக்கல்:
போன ஜூனில் ஆட்டு உரோமம் கத்தரிக்கையில்
இரண்டு விரல்கள் மடங்கவில்லையாம்.

மரபணுச் சோதனை டப்ளின் போய்த் திரும்பியது.
தாய் கொடுத்தது ஒன்று, தந்தை கொடுத்தது ஒன்று,
இரண்டு பிரதியிலும் அதே எழுத்துப்பிழை.
'உடன்பிறந்தோரையும் சோதிக்கவும்.'
எல்லோருக்கும் போடும் வரி இது.
யோசிக்காமல் போட்டேன்.

நுவாலா பெல்முல்லெட்காரி.
இந்த அறையில் பெயர்களைப் பேசக் கூடாது என்று
சொல்லித்தான் பார்த்தேன்.
"உடன்பிறந்தவன் ஒருத்தன்தான். பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை.
ஒரு வடிகால், யார் பக்கம் தோண்டுவது என்று.
தாயின் பெட்டியைத் தோளில் சுமந்தபோதும்
ஆளுக்கொரு திசை பார்த்தார்கள்."
பங்காளிச் சண்டை.
பிழையிலும் சரிபங்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஐந்து வாரம் கழித்து, டொனாக் மல்க்ரோன்.
ஆயிரத்து நூற்றிருபது.
யார் போய்ச் சொன்னது?
கதவடியில் நுழைத்த காகிதமா, நேரிலா?
குழாய் அதையெல்லாம் சொல்லாது.

வைத்தியம் மிகப் பழையது.
வாரம் அரை லிட்டர் இரத்தத்தை எடுத்துக் கொட்டுவது.
இழந்ததை ஊற வைக்க
உடல் தன் கிடங்கைத் திறக்கும்.
மாதம் ஒருமுறை எனக்கு ஒரு குழாய் வரும்,
கிடங்கில் மிச்சம் எவ்வளவு என்று.
ஃபீக்ரா செவ்வாய். டொனாக் வியாழன்.
2,190. 1,010. 2,030. 890.

பிப்ரவரியில் இரண்டுமே வியாழன்.
லேபிளில் எடுத்த நேரம்: 9.10, 11.45.
மார்ச்சில் 9.10, 9.50.
அதற்குப் பிறகு நான்
எண்ணுக்கு முன்னால் நேரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.
மே மாதம் 9.10, 9.14.
ஒரே நர்ஸின் கையெழுத்து, ஒரே பேனா,
இரண்டாவது லேபிளில் மை தீர்ந்துகொண்டிருந்தது.

ஒரே வண்டியில் வந்தார்களா,
பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கை நீட்டிக்கொண்டு
மழையைப் பற்றியாவது பேசினார்களா,
அதைக் காட்டும் ரசாயனம் என் அலமாரியில் இல்லை.
தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள்.
ஆட்டத்தை எந்த அலகில் எழுதுவது?

ஆகஸ்டில் டொனாக் ஐம்பதைத் தொட்டான்.
இனி அவனுக்கு ஊசி வேண்டாம்,
மூன்று மாதத்துக்கு ஒரு குழாய் போதும்.
ஃபீக்ராவுக்கு இன்னும் எண்ணூறுக்கு மேல் கிடக்கிறது.

செப்டம்பர் பெட்டியில் ஒன்றுதான் இருக்கும் என்று
மூடியைத் திறந்தேன்.
இரண்டு.
9.10, 9.13.
டொனாக்கின் படிவத்தில் நர்ஸ் எழுதியிருந்தாள்:
'தேவையில்லை என்றேன். கேட்கவில்லை.
எப்படியும் வண்டி ஓட்டிக்கொண்டு வரத்தானே வேண்டும் என்கிறார்.'

ஓட்டினேன். நாற்பத்தெட்டு.
'மறுபரிசோதனை: மூன்று மாதம் கழித்து' என்று அடித்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழித்துவிட்டு
'நான்கு வாரம்' என்று போட்டேன்.